கணக்குப் போடும் நேரத்தில் கணிப்பொறி ஏன் படுத்துக்கொள்கிறது?

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் ஜி.எஸ்.டி. என்றால் நெடுங்காலமாக நம் கடை வாசலில் ஓடும் சாலையைத்தான் குறிக்கும். 2017 ஜூலை 1 முதல் அதே பெயரில் வரியும் வந்து சேர்ந்தது. சாலையைக் கடப்பது கடினமா, வரிக் கணக்கை முடிப்பது கடினமா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாது. எப்படியோ, அன்று முதல் மளிகைக் கடைக்காரர் வீட்டிலும் கணிப்பொறி அரிசி மூட்டையைப் போல அவசியப் பொருளாகிவிட்டது. பகலில் பிள்ளைகள் படிப்புக்கும் விளையாட்டுக்கும் பயன்படுத்தும் அதே பெட்டியில்தான், கடை அடைத்து வந்தபின் நாம் பில்களை ஏற்றுகிறோம்.

மாதக் கணக்கு கொடுப்பவர்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தை மறுமாதம் 11-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். 10-ஆம் தேதி இரவு உட்கார்ந்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்; டாலி திறக்கவே கால் மணி ஆகும். மொத்த வியாபாரிகளுக்கு இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. படிவம் தவறினால், நம்மிடம் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரரின் அந்த மாத 2-பி அறிக்கையில் நம் பில் ஏறாது. அவருக்கு உள்ளீட்டு வரி வரவு தள்ளிப்போகும். மறுநாள் காலை தொலைபேசி நமக்குத்தான் வரும். அடுத்து 20-ஆம் தேதிக்குள் 3-பி அனுப்பாவிட்டால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கி இருந்தால் அதற்கு வட்டியும் தனி.

"பெட்டி பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறுமுன் பத்து நிமிடம் செலவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

திரையில் நமக்குத் தெரிவது டாலி ஒன்றுதான். ஆனால் விண்டோஸ் கணிப்பொறியில் அதே நேரத்தில் நூறுக்கும் மேற்பட்ட சிறு வேலைகள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சும்மா காத்திருப்பவை. மூன்று நான்கு மட்டும் அவ்வப்போது விழித்துக்கொண்டு முழு பலத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அவை எவை என்று காட்டுவதற்கு விண்டோஸிலேயே டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று பத்திகள் இருக்கும். எந்தப் பத்தியின் தலைப்பை அழுத்துகிறோமோ, அதில் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும்.

பழைய பெட்டிகளில் பெரும்பாலும் டிஸ்க் பத்திதான் 100 சதவீதத்தில் நிற்கும். காரணம், பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஊசி போன்ற ஒரு முனை இங்கும் அங்கும் ஓடித்தான் தகவலைப் படிக்க வேண்டும். நான்கு வேலைகள் நான்கு இடத்திலிருந்து கேட்டால் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒரகடம் சாலையில் ரயில்வே கேட் மூடியபோது லாரிகள் நின்ற கதைதான் இது. வண்டிகளில் கோளாறு இல்லை, வழி ஒன்றே ஒன்று.

இந்த வரிசை குறிப்பாக 10-ஆம் தேதி இரவு உண்டாவது தற்செயல் அல்ல. நம்மில் பலர் கணக்குப் பெட்டியை மாதத்தில் சில நாட்கள்தான் திறக்கிறோம். அது அணைந்திருந்த நாட்களில் செய்யவேண்டிய விண்டோஸ் புதுப்பிப்பு, வைரஸ் சோதனை, கோப்புகளின் தேடல் அட்டவணை, ஒன்டிரைவ் போன்ற சேமிப்புச் சேவைகளின் ஒத்திசைவு எல்லாம் பாக்கி நிற்கும். பெட்டியை உயிர்ப்பித்ததும் எல்லாப் பாக்கிக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். பட்டியலில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூடபிள்’ என்று மேலே தெரிந்தால் அது விண்டோஸின் சொந்தக் காவல்காரன். வேலை முடிந்ததும் தானே அடங்கும். ஆகவே 7, 8 தேதிகளிலேயே பெட்டியைத் திறந்து, இணையத்தில் இணைத்து, ஓரிரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டால் பாக்கியெல்லாம் தீர்ந்துவிடும். 10-ஆம் தேதி அது நமக்கு மட்டும் வேலை செய்யும். இதற்குக் காசு செலவில்லை.

இன்னொன்று: புதிய விண்டோஸ்களில் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் உள்பகுதி முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காக ஒரு பகுதியை அப்படியே உறங்க வைத்துவிடும். பல நாள் சேர்ந்த சிக்கல் அதோடு கூடவே எழுந்து வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும்.

அடுத்து, அழைக்காமலே வரும் விருந்தாளிகள். பிள்ளைகள் நிறுவிய விளையாட்டுகள், பிரிண்டரோடு வந்த உதவி மென்பொருள், வீடியோ பேச்சு செயலிகள் இவையெல்லாம் பெட்டி திறக்கும்போதே தாமும் திறந்துகொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதிக்குச் சென்று வேண்டாதவற்றுக்கு ‘டிஸேபிள்’ கொடுக்கலாம். மென்பொருள் அழியாது, தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம். குரோம் உலாவியை மூடிய பின்பும் அதன் சில பகுதிகள் ஓடுவதுண்டு. அதன் அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதியில் அதை நிறுத்த வழி இருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் இருந்தால் ஒன்றை நீக்கிவிடவும். ஒரே கடைக்கு இரண்டு காவல்காரர் வைத்தால், இருவரும் வருகிற ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பார்கள்.

சி.பி.யூ. பத்தி இடைவிடாமல் உச்சத்தில் இருந்து, மின்விசிறியும் இரைந்தால் சற்றுச் சந்தேகப்பட வேண்டும். 2018-இல் திருப்பதி மாநகராட்சி உட்பட ஆந்திர அரசு இணையதளங்கள் சிலவற்றில் யாரோ ஒரு சிறு நிரலைச் செருகியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களின் கணிப்பொறி, அவர்கள் அறியாமலே, வேறொருவருக்காக மின்னணு நாணயம் ஈட்டும் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தது. அத்தகைய நிரலைப் பரவலாக வழங்கிவந்த காயின்ஹைவ் 2019 மார்ச்சில் மூடப்பட்டது. தந்திரம் மூடப்படவில்லை. காசு கொடுக்காமல் ‘கிராக்’ செய்து போட்டுத் தரும் கணக்கு மென்பொருளோடு இத்தகைய ஒட்டுண்ணிகள் வருவதுண்டு. இவை உலாவியை மூடினாலும் போகாது. நமது மின்சாரத்தில் அவன் சம்பாதிப்பது ஒருபுறம் இருக்க, நம் பேரேடும் வங்கிக் கடவுச்சொல்லும் அதே பெட்டியில் அல்லவா இருக்கின்றன?

பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து நிறுத்த வேண்டாம். ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்று பல வரிகள் இருக்கும். அவை விண்டோஸின் சொந்த ஆட்கள். டாலியில் பதிவு நடக்கும்போது டாலியையே இப்படி நிறுத்தினால் கணக்குக் கோப்பு சேதமாகக்கூடும்.

இவ்வளவும் செய்து, டிஸ்க் பத்தி மட்டும் எப்போதும் நூறிலேயே நின்றால், அப்போது செலவு செய்வது நியாயம். அதற்கும் புதுப் பெட்டி வேண்டியதில்லை. சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை அந்த இடத்தில் மாற்றினால் பழைய பெட்டியே பெரும்பாலும் போதும். மாற்றுமுன் டாலிக் கணக்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளவும். கழற்றிய பழைய டிஸ்க்கை மெக்கானிக்கிடம் விட்டுவராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டி வைக்கவும். அதில் நம் வாடிக்கையாளர்களின் கணக்கு முழுவதும் அப்படியே இருக்கும்.