உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஆம்ப், நாலு ஸ்பீக்கர்!

கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். இரண்டை சீரிஸில் போட்டால் 8 ஓம். அதே இரண்டைப் பேரலலில் போட்டால் 2 ஓம்! மாறியது ஒயர் மட்டும்தான்!

நாலையும் பேரலலில் போட்டால்? வெறும் 1 ஓம்! பல ஆம்ப்கள் இந்தச் சுமையைத் தாங்காமல் கொதித்து, பாட்டின் நடுவிலேயே அணைந்துவிடும்!

இப்போது பாருங்கள் வித்தையை! இரண்டிரண்டாக சீரிஸில் போடுங்கள். அந்த இரண்டு ஜோடிகளையும் பேரலலில் சேருங்கள். நாலும் பாடும், ஆம்புக்குத் தெரிவதோ பழைய 4 ஓம்தான்! 100 வாட் கொடுத்தால் ஆளுக்கு 25 வாட், சரிசமமாக!

சில சப்வூஃபருக்குள் இரண்டு வாய்ஸ் காயில்! தலா 4 ஓம் என்றால், ஒரே சப்வூஃபரை 2 ஓமாகவும் ஓட்டலாம், 8 ஓமாகவும் ஓட்டலாம்!

இரண்டு சேனலை 'பிரிட்ஜ்' செய்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், கணக்குப்படி ஒரு சேனலைப் போல 4 மடங்கு பவர்! ஆனால் உஷார்: அந்த 4 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓமாகத்தான் தெரியும்!

பவரை இரட்டிப்பாக்கினால் சத்தமும் இரட்டிப்பா? இல்லவே இல்லை! கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க, பவர் சுமார் 10 மடங்கு வேண்டும்!

ஒரே ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் மாறினால் போதும், பாஸ் காணாமல் போய்விடும்! ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். எதுவும் எரியாது, புகையாது. அதனால்தான் பலருக்கும் கடைசிவரை பிடிபடுவதில்லை! கண்டுபிடிக்க ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி, ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் என ஒரு நொடி தொடுங்கள். 'டப்' என்று வூஃபரின் கோன் வெளியே துள்ளினால் சரி. உள்ளே போனால் மாறிக் கிடக்கிறது!

மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை ஓம் காட்டுகிறதா? பழுதே இல்லை! மீட்டர் அளப்பது காயிலின் டி.சி. தடையை மட்டும்தான்!

பவர் ஒயரில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும்! 8 கேஜ் ஒயரில் செம்பு சுமார் 8.4 சதுர மி.மீ. 4 கேஜில் 21!

14.4 வோல்ட்டில் 1,000 வாட் என்றால், கொஞ்சமும் வீணாகாவிட்டால்கூட 69 ஆம்பியர்! அந்த ஒயர் பாடியில் உரசினால் தீதான். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்கிறதா? இன்றே பானெட்டைத் திறந்து பாருங்கள்!