வண்ணம் பூசுவதற்கு முன் ஒரு கணக்கு
பழைய லாரியைப் புதுப்பிக்கலாமா, விற்றுவிடலாமா?

ஆயுத பூஜை நெருங்கும் நாட்களில் பெங்களூருவின் கலாசிபாளையம் பகுதியிலும், யஷ்வந்தபுரத்தில் தேவராஜ அர்சு பெயரால் அமைந்த லாரி முனையத்திலும் புது வண்ணத்தில் மின்னும் லாரிகளைக் காணலாம். முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து வந்து இந்நகரில் தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர் பலருக்கு லாரி என்பது வெறும் வாகனமன்று. பிள்ளைகளின் கல்விக்கும் வீட்டின் அடுப்புக்கும் அதுவே ஆதாரம்.

எனவேதான், ஒன்பது பத்து ஆண்டுகள் ஓடிய வண்டியைப் பட்டறையில் நிறுத்தி, சில லட்சங்கள் செலவிட்டுப் புதுப்பிப்பதா, அல்லது விற்றுவிட்டுப் புதிய வண்டிக்குக் கடன் பெறுவதா என்ற கேள்வி எளிதில் விடை காண முடியாததாக இருக்கிறது. பெரும்பாலோர் இதற்கு மனத்தால் விடை காண்கின்றனர். இவ்விதழில் நாம் அதைக் கணக்கால் அணுகிப் பார்ப்போம்.

சட்டம் குறித்துள்ள வயது

லாரிக்கு இருவகை வயது உண்டு. ஒன்று, ஓடிய தூரத்தைப் பொறுத்தது. பழுதுபார்த்து அதனைக் குறைக்கலாம். மற்றொன்று, பதிவுச் சான்றில் உள்ள நாளிலிருந்து எண்ணப்படுவது. அதனை எந்தப் பட்டறையாலும் குறைக்க இயலாது.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பல அச்சு வாகனங்கள் அல்லாத சரக்கு லாரிக்கு 12 ஆண்டுகளுக்கு மேல் தேசிய பெர்மிட் வழங்கப்படுவதில்லை. பல அச்சு வாகனங்களுக்கு அவ்வரம்பு 15 ஆண்டுகள். எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பெறும் தகுதிச் சான்றை, அதாவது எஃப்.சி.யை, அதன்பின் ஆண்டுதோறும் பெற வேண்டும். 15 ஆண்டுகள் கடந்த வாகனங்களுக்கான தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பெங்களூருவில் தொழில் செய்வோருக்கு இவ்வரம்புகள் கூடுதல் முக்கியத்துவம் உடையவை. அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூருக்குச் சரக்கு ஏற்றிச் செல்வதும் மாநில எல்லை கடந்த பயணமே. தேசிய பெர்மிட் முடிந்த லாரி, கர்நாடகத்துக்குள் மாநிலப் பெர்மிட்டில் தொடர்ந்து ஓடலாம். ஆனால் அதுவரை கிடைத்து வந்த எல்லை கடந்த லோடுகளை அதே முறையில் ஏற்ற முடியாது. ஆகவே, நம் வண்டி எந்தத் தடத்தில் சம்பாதிக்கிறது என்பதே முதற்கேள்வி.

பட்டறைக்குச் செல்லுமுன் பரிசோதனை

வண்ணம் பூசும் தொழிலாளியை அழைப்பதற்கு முன்பு, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்து வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். சேஸின் நீள்சட்டங்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் வெடிப்போ, முன்னரே வெல்டிங் செய்த தடமோ உள்ளதா? சிறு சுத்தியலால் தட்டும்போது துரு செதில் செதிலாக உதிர்கிறதா? கேபின் தரையும் கதவுகளின் அடிவிளிம்பும் உறுதியாக உள்ளனவா? பட்டைகள், கிங்பின், பிரேக் டிரம் ஆகியவை எந்நிலையில் உள்ளன?

எஞ்சினின் நிலையைப் புகை காட்டிக்கொடுக்கும். நீலம் கலந்த புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் குறிக்கும். கரும்புகைக்குப் பெரும்பாலும் இன்ஜெக்டரோ காற்று வடிகட்டியோ காரணமாக இருக்கலாம். அதற்கு ஆகும் செலவு குறைவு. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை தொடர்ந்தால், குளிர்விப்பு நீர் உள்ளே கசிகிறதா எனப் பார்க்க வேண்டும்.

எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ், பாடி ஆகியவற்றைப் பிரித்து மாற்றலாம். சேஸ் அவ்வாறன்று. சேஸ் தளர்ந்துவிட்ட லாரிக்குப் பூசப்படும் வண்ணம், உளுத்த உத்தரத்துக்கு அடித்த வெள்ளைக்கு ஒப்பாகும்.

எஞ்சிய மாதங்களால் வகுத்துப் பாருங்கள்

இனி ஓர் எடுத்துக்காட்டு. இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் மெக்கானிக்கும் விற்பனையாளரும் தரும் தொகைகளை அவ்விடங்களில் நிரப்பிக் கொள்ளுங்கள்.

இரண்டு அச்சு லாரி ஒன்றுக்கு ஒன்பது வயது. எஞ்சின் வேலை, டிங்கரிங், பாடியின் பலகைகள், வண்ணம் என அனைத்துக்கும் 4,50,000 ரூபாய் ஆகும் எனக் கொள்வோம். தேசிய பெர்மிட் வரம்புக்கு இன்னும் 36 மாதங்கள் உள்ளன. வகுத்தால், மாதம் 12,500 ரூபாய். இதற்கு மாற்றாக, பழைய வண்டியை விற்ற பணத்தை முன்பணமாகச் செலுத்தி, 24 லட்சம் ரூபாய் கடனை 10 விழுக்காடு வட்டியில் 60 மாதங்களுக்குப் பெற்றால், தவணை ஏறத்தாழ 51,000 ரூபாய். வேறுபாடு மாதம் 38,500 ரூபாய்.

புதிய வண்டி டீசலில் மிச்சம் பிடிக்கும் என்பது உண்மையே. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருவதற்குப் பதிலாக 4.5 தந்தால், ஏறக்குறைய 139 லிட்டர் மிஞ்சும். லிட்டர் 90 ரூபாய் எனில் அது 12,500 ரூபாய். எஞ்சும் 26,000 ரூபாயைக் கூடுதல் லோடுகளால் ஈட்ட முடியுமா என்பதை உரிமையாளர் தம் நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முடியாதெனில், புதுப்பிப்பதே தக்கது.

அதே லாரிக்கு வயது பதினொன்று எனில் கணக்கு தலைகீழாகிறது. எஞ்சியிருப்பவை 12 மாதங்களே. அதே 4,50,000 ரூபாய் மாதத்துக்கு 37,500 ஆகிவிடுகிறது. தவணைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு 13,500 மட்டுமே. டீசல் சேமிப்பே அதனைப் பெருமளவு ஈடுசெய்யும். தவணைகள் முடிந்த பின் கையில் ஒரு வண்டியும் இருக்கும். ஆனால் உங்கள் லாரி கர்நாடகத்துக்குள் மட்டும் ஓடுவதாயின் 12 மாதம் என்ற எல்லை பொருந்தாது. வண்டி இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என மெக்கானிக் கணிக்கிறாரோ அத்தனை மாதங்களால் வகுக்க வேண்டும்.

இக்கணக்கில் இன்னொரு செலவையும் சேருங்கள். பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமற்ற நாள். ஓட்டுநர் சம்பளமும் காப்பீட்டுக் காலமும் மட்டும் நிற்பதில்லை.

கெங்கேரி காட்டும் வழி

கர்நாடக மாநில சாலைப் போக்குவரத்துக் கழகம், நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த நூற்றுக்கணக்கான பேருந்துகளைத் தன் சொந்தப் பணிமனைகளிலேயே அண்மை ஆண்டுகளில் புதுப்பித்துள்ளது. அப்பணிமனைகளுள் ஒன்று பெங்களூருவின் கெங்கேரியில் உள்ளது. ஒரு புதிய பேருந்தின் விலையில் சிறு பகுதியே இதற்குச் செலவாகிறது. அங்கு பழுதடைந்த கட்டமைப்பும் தகடுகளும் மாற்றப்பட்ட பிறகே வண்ணம் பூசப்படுகிறது. இவ்வரிசைமுறை ஒற்றை லாரி உரிமையாளருக்கும் பொருந்தும்: முதலில் சேஸ், பிறகு எஞ்சினும் பிரேக்கும், அடுத்துப் பாடியும் மின்கம்பிகளும், இறுதியாக வண்ணம்.

வண்ணத்தின் பணி

வண்ணம் வீண் என்று நாம் கூறவில்லை. துருவைத் தடுக்கும் கவசம் அதுவே. ஆனால் துருவைச் சுரண்டாமல் பட்டி வைத்து மூடினால், அது உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். சுரண்டி, பிரைமர் பூசி, நன்கு உலர்ந்த பின்னரே மேற்பூச்சு பூச வேண்டும். பெங்களூருவில் மிகுதியாக மழை பெய்யும் மாதம் செப்டம்பர். ஆயுத பூஜைக்காக அவசரமாகப் பூசப்படுவதும் அப்போதுதான். ஈரக்காற்றில் பூசிய வண்ணம் மங்கும், உரியும். கூரையுள்ள பட்டறையைத் தேர்வதும், இயன்றால் கோடையின் தொடக்கத்திலேயே பணியை முடிப்பதும் நலம். நிறத்தையே மாற்றுவதாயின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றில் குறிக்கச் செய்யுங்கள். ஒளிரும் பட்டைகளை மீண்டும் ஒட்ட மறவாதீர்கள்.

காப்பீட்டையும் அறிந்துகொள்வது நன்று. வழக்கமான மோட்டார் காப்பீட்டில், விபத்துக்குப் பின் வண்ணம் பூச ஆகும் பொருள் செலவில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படும். ஐந்து முதல் பத்து ஆண்டு வயதுள்ள வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 விழுக்காடும், பத்தாண்டைக் கடந்தால் 50 விழுக்காடும் கழிக்கப்படும். வண்டி மூப்படைய, விபத்துச் செலவில் நம் பங்கு கூடுகிறது என்பதே இதன் பொருள்.

விற்பதானால், உடைப்பதானால்

விற்பவர்கள் இரண்டு காரியங்களை முடிக்காமல் சாவியைக் கொடுக்கலாகாது. கடன் தீர்ந்திருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றையும் 35-ஆம் எண் படிவத்தையும் பெற்று, பதிவுச் சான்றிலுள்ள அடமானக் குறிப்பை நீக்குவது ஒன்று. வாங்குபவர் பெயருக்கு உரிமையை மாற்றுவது மற்றொன்று. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

புதுப்பிக்கவும் விற்கவும் இயலாத வண்டியைப் பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைக்கலாம். 2021 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ் அங்கு வைப்புச் சான்று வழங்கப்படும். அதனைக் கொண்டு வாங்கும் புதிய சரக்கு வாகனத்துக்கு, மாநில அரசுகள் எட்டு ஆண்டுகள் வரை சாலை வரியில் 15 விழுக்காடு வரை சலுகை தர மத்திய விதிகள் வழிசெய்கின்றன.

நிறைவாக

எந்த முடிவாயினும், அதற்கான பணத்தைத் தவணைக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு தவணை தவறினால் அடுத்த கடனுக்கான நற்பெயரும் குறையும். எழுத்து வடிவில் பெற்ற பழுதுச் செலவு மதிப்பீடு, பதிவுச் சான்று, பெர்மிட், கடந்த ஓராண்டு வாடகை வரவுக் கணக்கு ஆகியவற்றுடன் நம் கிளைக்கு வாருங்கள். புதுப்பித்தலுக்கோ புதிய வண்டிக்கோ எத்தனை மாதக் கடன் உங்கள் வருமானத்துக்குத் தாங்கும் என்பதைச் சேர்ந்தே கணக்கிடுவோம்.

பத்தாண்டுகள் சோறு போட்ட வண்டியின் மீது பற்று இருப்பது இயல்பு. அப்பற்றோடு மாதக் கணக்கும் இணங்கினால் மனநிறைவோடு புதுப்பியுங்கள். இணங்காவிட்டால், ஒரு தேங்காய் உடைத்து வழியனுப்பிவிட்டு, அடுத்த வண்டிக்குப் பூஜை போட ஆயத்தமாகுங்கள்.