பீப்பாய் ஆலை கலைக்கூடம் ஆனது!

ஆலையை மூடினால் என்ன ஆகும்? மும்பைத் தமிழர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் 2½ லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்டார்கள். அதன் பிறகு பல ஆலைகளில் சங்கு ஊதவே இல்லை. லோயர் பரேலில் தறி ஓடிய இடங்களில் இன்று பெரிய பெரிய கடைகளும், அலுவலகங்களும் நிற்கின்றன.

அதே 1982-ல் பிரேசில் நாட்டின் சாவோபாலோ நகரில் ஒரு பழைய ஆலையின் கதவு திறந்தது. வேலைக்கு அல்ல, பாட்டுக்கும், நாடகத்துக்கும்!

மழையில் பந்தாட்டம்

பொம்பேயா என்ற பகுதியில் இருக்கிறது, அந்த ஆலை. 1930-களில் கட்டியது. முதலில் இரும்புப் பீப்பாய் செய்தார்கள். பிறகு குளிர்பதனப் பெட்டி செய்தார்கள். வேலை நின்றதும், "செஸ்க்" என்ற நல நிறுவனம் அதை வாங்கியது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாகத்தான் முதலில் எண்ணம்.

கட்டிடக்கலை நிபுணர் லீனா போ பார்டியை அழைத்தார்கள். இத்தாலியில் பிறந்து, பிரேசிலில் குடியேறிய பெண்மணி அவர். 1976-ல் ஆலையைப் பார்க்கப் போனார்.

ஒரு சனிக்கிழமை அங்கே அவர் கண்ட காட்சி வேறு! ஓட்டைக் கூரை வழியே மழை ஒழுக, இளைஞர்கள் பந்து விளையாடினார்கள். தாய்மார்கள் தின்பண்டம் செய்தார்கள். பொம்மலாட்டமும் நடந்தது.

"இந்த மகிழ்ச்சி இங்கேயே இருக்கட்டும்" என்று முடிவு செய்தார், லீனா.

இடிக்கவில்லை

சுவரின் பூச்சை நீக்கிச் செங்கல்லை வெளியே தெரிய வைத்தார். கொட்டகைகளுக்குள் நூலகம், நாடக அரங்கம், மண்பாண்டம் செய்யக் கற்கும் பட்டறை, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் வந்தன. தரையில் ஒரு சிறு ஓடை போலத் தண்ணீரும் விட்டார்.

பின்புறம் நிலத்துக்கு அடியில் ஓடை ஓடுகிறது. அதன் மேல் கட்ட முடியாது. எனவே இருபுறமும் இரண்டு கான்கிரீட் கோபுரங்கள் எழுப்பி, நடுவே பாலங்கள் போட்டார். அவை விளையாட்டுக் கூடங்கள்.

யார் பணம்?

செஸ்க் 1946-ல் தொடங்கப்பட்டது. கடைச் சிப்பந்திகள், அலுவலக ஊழியர்கள் ஆகியோரின் நலனுக்காகவே ஏற்பட்டது. வணிக நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியல் தொகையில் 1.5 சதவீதத்தை அதற்குக் கட்டாயம் செலுத்த வேண்டும். ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது இல்லை!

அதனால்தான் அங்கே யாரும் உள்ளே போகலாம். சும்மா உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம்.

ஆலை மூடப்பட்டது உண்மை. ஆனால் இடம் உழைக்கும் மக்களை விட்டுப் போகவில்லை.