போலிப் பட்டயமா? துறவியைக் கேளுங்கள்!

1675இல் ஆண்ட்வெர்ப் நகரத்து இயேசு சபைப் பாதிரியார் டேனியல் பாப்பெப்ரோக் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பண்டைய பிராங்கு மன்னர்கள் கொடுத்ததாகப் பெனடிக்ட் மடங்கள் காட்டும் தானப் பட்டயங்களில் பலவும் போலி என்றார். பாரிசை அடுத்த சேன் தெனி மடத்தின் பட்டயங்களும் தப்பவில்லை. நிலத்துக்கும் சலுகைகளுக்கும் பட்டயங்களையே ஆதாரமாகக் காட்டிவந்த மடங்களுக்கு மானத்தோடு சொத்தும் ஆட்டம் கண்டது.

பதில் வர ஆறு வருடம் ஆனது.

எழுதியவர் ழான் மபியோன். 1632இல் ஷாம்பெய்ன் பகுதியில் ஓர் எளிய குடியானவர் வீட்டில் பிறந்தவர். இளம் துறவியாக இருந்தபோது கடும் தலைவலி அவரைப் படிக்கவிடவில்லை. மடம் விட்டு மடம் மாற்றினார்கள். கோர்பி மடத்தில் வாயிற்காவலும் பார்த்தார், உக்கிராணமும் பார்த்தார். பிறகு சேன் தெனியிலேயே பொக்கிஷக் காப்பாளர். 1664இல் பாரிசின் சேன் ழெர்மேன் தெ பிரே மடத்து நூலகர் லூக் தாஷெரிக்கு உதவியாளராகப் போனார். அங்கே தலைவலி என்ன ஆனதோ, சுவடிகளை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை.

1681இல் வெளிவந்த ‘தே ரே திப்ளோமாத்திகா’ என்ற லத்தீன் நூலில் பாப்பெப்ரோக்கை வசைபாடாமல், ஒரு பட்டயம் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற அடிப்படைக் கேள்வியை மபியோன் எடுத்துக்கொண்டார். எழுதிய பொருள் பப்பைரஸா தோலா, மை எப்படி, எழுத்து எந்தக் காலத்துச் சாயல், முத்திரை, கையொப்பம், தேதி போடும் முறை என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. லத்தீனில் பிழை மலிந்திருக்கிறது என்பதற்காக ஏழாம் நூற்றாண்டுப் பட்டயத்தைத் தள்ளிவிட முடியுமா? அன்றைய எழுத்தர்கள் எழுதிய லத்தீனே அப்படித்தான். பழைய கையெழுத்து மாதிரிகளைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டதால், வாசகரும் தாமே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

பாப்பெப்ரோக் தோல்வியை ஒப்புக்கொண்டு பாராட்டிக் கடிதம் எழுதினார். அறிஞர் சண்டைகளில் இப்படி நடப்பது அபூர்வம்.

1685இல் இத்தாலிக்குப் போன மபியோன், அரச நூலகத்துக்காக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களையும் சுவடிகளையும் சேர்த்துவந்தார். துறவிக்கு உடலுழைப்பே போதும், படிப்பு எதற்கு என்று லா திராப் மடத்தலைவர் ரான்சே கேட்டபோது, துறவியர் கல்வி பற்றி 1691இல் ஒரு நூலாகவே பதில் சொன்னார்.

அவர் கேள்விகள் ரோமையும் விடவில்லை. அங்குள்ள நிலவறைக் கல்லறைகளில் கிடைத்த எலும்புகளையெல்லாம் சான்றில்லாமல் மறைசாட்சிகளுடையவை என்று வணங்கலாமா என 1698இல் புனைபெயரில் எழுதினார். புகார் ரோமுக்குப் போனது. சில பகுதிகளை அவர் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

1707 டிசம்பரில் மபியோன் இறந்தார். மறுவருடமே அவர் இருந்த சேன் ழெர்மேன் தெ பிரே மடத்துத் துறவி பெர்னார் தெ மோன்ஃபோகோன், கிரேக்கச் சுவடிகளின் எழுத்தைக் கொண்டு காலம் கணிக்கும் பெருநூலை வெளியிட்டார்.