காணாமற்போன கோப்பு



ஒரு பொருள் தொலைந்துபோவது வேறு. நாம் தேடிய இடத்தில் அஃது இல்லாதிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் வீடுகளிலே வீண் சச்சரவும் அலுவலகங்களிலே வீண் பழியும் விளைவதை நாம் அறிவோம். கணினிக்குச் செய்நிரல் எழுதப் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு மிகவும் இன்றியமையாதது. அவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் பிழைச் செய்திகளுள் ஒன்று, ‘அத்தகைய கோப்போ கோப்புறையோ இல்லை’ என்பதாகும். பல மணி நேரம் முயன்று எழுதிய நிரலை இயக்கும் வேளையில் இச்செய்தி தோன்றுமாயின் பயில்வோர் மனந்தளர்கின்றனர். சிலர் நிறுவிய கருவிகள் யாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர். வேறு சிலர், இத்துறை தமக்கு உரியதன்று என்று முடிவுகட்டி விலகியே விடுகின்றனர். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாகக் கொண்ட பிள்ளைகளுள்ளும் இவ்வாறு சோர்ந்துபோவோர் உளர். ஆதலின் இச்செய்தியின் பொருள் யாது, அஃது எழுங் காரணங்கள் யாவை, அவற்றை ஒழுங்காக ஆராய்வது எங்ஙனம் என்பன பற்றி இன்று கூற விழைகின்றேன்.

இச்செய்தியின் வரலாறு பழையது. 1969ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்போர் யூனிக்சு என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அம்முறைமையிலும் அதன் வழிவந்த லினக்சு முதலியவற்றிலும் பிழைகளுக்கு எண்கள் உண்டு. அவ்வரிசையில் இரண்டாம் எண்ணே நாம் பேசுகின்ற பிழை. அதன் சுருக்கக் குறியீடு ‘ஈநோயென்ட்’ என்பது. ‘பதிவு இல்லை’ என்பதே அதன் கருத்து. இக்கருத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். கோப்புறை என்பதை நாம் ஒரு பெட்டியாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அஃது ஓர் இடாப்புப் போன்றது. பாடசாலை நூல்நிலையத்திலே நூல்கள் இறாக்கைகளில் இருக்கும். அவற்றின் பெயரும் இடமும் இடாப்பிலே எழுதப்பட்டிருக்கும். இடாப்பிலே பெயரைக் காணாத நூலகர் ‘அந்நூல் இல்லை’ என்றே விடை கூறுவார். கணினியின் விடையும் இத்தகையதே. ‘நீர் குறித்த இடாப்பில், நீர் குறித்த பெயரில், ஒரு பதிவும் இல்லை’ என்பதற்கு மேலாக அஃது ஒன்றும் கூறவில்லை. கோப்பு அழிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை.

விண்டோசு முறைமை இங்கே சற்று நுணுக்கமாகப் பேசுகின்றது. அதன் பிழை எண் இரண்டு, கோப்பு காணப்படவில்லை என்பது; பிழை எண் மூன்று, பாதை காணப்படவில்லை என்பது. யூனிக்சு வழிவந்தவை இவ்விரண்டிற்கும் ஒரே செய்தியையே தருவன. வீடு இல்லையா, வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கையே இல்லையா என்பதை நாமே கண்டறிதல் வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நீண்ட பாதையின் கடைசிப் பெயரை நீக்கி, எஞ்சியது உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனின் மேலும் ஒன்றை நீக்க வேண்டும். எந்த இடத்தில் ‘உண்டு’ என்ற விடை கிடைக்கிறதோ, அதற்கு அடுத்த பெயரிலேதான் குற்றம் இருக்கின்றது.

இனிக் காரணங்களை நோக்குவோம். அவற்றுள் முதன்மையானது, நாம் நிற்கும் இடத்தைப் பற்றிய மயக்கம். சிற்றூழியர் ஒருவரிடம், ‘மேசைமேல் இருக்கும் இடாப்பை எடுத்து வாரும்’ என்று கூறினால், எந்த அறையின் மேசை என்பது அவர் அப்போது நிற்கும் அறையைப் பொறுத்ததன்றோ? நிரலிலே ‘புள்ளிகள்’ என்னும் பெயருடைய கோப்பைத் திறக்குமாறு வெறும் பெயரை மாத்திரம் எழுதினால், கணினி அதனை ‘நடப்புக் கோப்புறை’ எனப்படும் இடத்திலே தேடும். மாணவர் நிரலையும் புள்ளிக் கோப்பையும் ஒரே கோப்புறையிலேதான் வைத்திருப்பார். ஆயினும் நிரலை வேறொரு கோப்புறையிலிருந்து இயக்கினால் தேடல் அவ்வேறு கோப்புறையிலேயே நிகழும். விசுவல் ஸ்டூடியோ கோட் போன்ற கருவிகளில், நாம் திறந்துவைத்த மேற்கோப்புறையே பெரும்பாலும் நடப்புக் கோப்புறையாக அமைவதனால் இக்குழப்பம் மிகுதியும் நேர்கின்றது. பைதன் மொழியிலே 2012ஆம் ஆண்டு வெளிவந்த 3.3 ஆம் பதிப்பு முதல் இப்பிழைக்கெனத் தனிப்பெயரே உண்டு. அப்பெயர் தோன்றியதும், நிரலின் தொடக்கத்திலே நடப்புக் கோப்புறையின் பெயரை அச்சிடுமாறு ஒரு வரி சேர்த்துப் பார்ப்பின் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது காரணம் பெயர் வேறுபாடு. ஆங்கில நெடுங்கணக்கில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் உண்டு. தமிழில் அவ்வேறுபாடு இல்லாமையால் நம் பிள்ளைகள் அதனை எளிதிற் கவனியாது விடுகின்றனர். விண்டோசு முறைமை வழக்கமாக அவ்விரு வடிவையும் ஒன்றாகவே ஏற்கும். லினக்சு அவற்றை வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளும். எனவே வீட்டுக் கணினியிலே செவ்வனே இயங்கிய நிரல், லினக்சில் இயங்கும் வழங்கிக்குச் சென்றதும் கோப்பைக் காணவில்லை என்று முறையிடும். இன்னொரு மயக்கமும் உண்டு. விண்டோசு வழக்கமாகப் பெயரின் ஈற்றிலுள்ள வகைக்குறியை மறைத்துவிடுகின்றது. எழுத்துக் கோப்பாகச் சேமித்ததனால் பெயரின் இறுதியிலே இரண்டாவது வகைக்குறி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு அது தோன்றாது. மறைந்தவற்றைக் காட்டுமாறு அமைப்பை மாற்றிக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

தமிழிற் பெயரிடுவோர் அறிந்திருக்கவேண்டிய செய்தியும் ஒன்று உளது. ‘கோப்பு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தாகிய ‘கோ’, ஒருங்குறியில் இருவகையாக எழுதப்படலாம். ககரத்தின்பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு வகை. இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொரு வகை. திரையிலே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒருங்குறி விதியும் அவ்விரண்டையும் நிகரானவை என்றே கூறும். ஆயினும் லினக்சின் கோப்பு முறைமைகள் பெரும்பாலும் வடிவத்தை நோக்காது குறியீட்டு எண்களையே ஒப்பிடுவனவாதலின், அவை இவற்றை இரு பெயர்களாகவே கருதும். கண்முன்னே கோப்பு இருக்க, இல்லை என்று கணினி சாதிக்கும் விந்தை இவ்வாறும் நேரும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றிற்கும் இது பொருந்தும். ஐயம் எழுமாயின், பெயரை விசைப்பலகையில் மீண்டும் தட்டாது, உள்ள கோப்பின் பெயரையே பிரதிசெய்து நிரலில் ஒட்டிப் பார்த்தல் நன்று.

மூன்றாவது காரணம் தேடற்பட்டியல் பற்றியது. முனையத்திலே ஒரு கருவியின் பெயரைத் தட்டியதும், கணினி உலகமெல்லாம் அதனைத் தேடுவதில்லை. ‘பாத்’ என்னும் பெயருடைய பட்டியலிற் குறித்த கோப்புறைகளை மாத்திரம் வரிசையாகப் பார்க்கும். பைதனை விண்டோசிலே நிறுவும்போது, இப்பட்டியலிற் சேர்ப்பதற்கான சிறு கட்டத்தை அடையாளமிட மறந்தவர்கள் பின்னர், ‘பைதன் காணப்படவில்லை’ என்று வருந்துவர். பட்டியலைத் திருத்திய பின்னரும் பிழை தொடருமாயின் திகைக்க வேண்டியதில்லை. முன்னரே திறந்திருந்த முனையம் பழைய பட்டியலையே வைத்திருக்கும். அதனை மூடித் திறத்தல் வேண்டும். சி மொழியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. தலைப்புக் கோப்பின் பெயரைக் கோண அடைப்புக்குள் எழுதினால், தொகுப்பான் தனக்குரிய கோப்புறைகளிலேயே தேடும். மேற்கோட்குறிக்குள் எழுதினால், முதலில் நிரல் இருக்கும் கோப்புறையிலே தேடிப் பின்னரே மற்றவற்றை நாடும். டெபியன், உபுண்டு முதலிய லினக்சு வகைகளில், நிரலை இயக்குவதற்கான நூலகம் ஒரு பொதியாகவும், நிரலை ஆக்குவதற்கான தலைப்புக் கோப்புகள் வேறொரு பொதியாகவும் பிரிக்கப்பட்டிருத்தல் வழக்கம். முதலாவதை மாத்திரம் நிறுவியோர், நூலகம் இருந்தும் தலைப்புக் கோப்பு இல்லை என்னும் செய்தியைப் பெறுவர்.

நான்காவது காரணம் மிகவும் வியப்பானது. கோப்பு இருக்கின்றது, பெயரும் சரி, இடமும் சரி, ஆயினும் இல்லை என்று விடை வருகின்றது. லினக்சிலே எழுத்துவடிவ நிரலின் முதல் வரி, அதனைப் படித்துச் செயற்படுத்தும் கருவியின் பெயரைக் கூறும். இல்லாதது அக்கருவியாக இருக்க, பழி நிரலின்மேல் விழுகின்றது. இதற்கு ஒரு பழங்காரணம் உண்டு. தட்டச்சுப் பொறியிலே ஒரு வரி முடிந்ததும் தாளேந்தியை மறுமுனைக்குத் தள்ளுவதும், தாளை ஒரு வரி உயர்த்துவதும் இரு செயல்கள். தொலையச்சுப் பொறியிலும் இவற்றிற்கு இரு குறிகள் இருந்தன. விண்டோசு இன்றும் வரியின் ஈற்றிலே அவ்விரு குறிகளையும் இடுகின்றது. யூனிக்சு மரபோ ஒன்றையே இடும். விண்டோசில் எழுதிய நிரலை லினக்சுக்குக் கொண்டுசென்றால், முதல் வரியின் ஈற்றிலுள்ள தாளேந்திக் குறி கருவிப் பெயரின் பகுதியாகவே கொள்ளப்படும். அப்பெயருடைய கருவி எங்கும் இல்லை. தொகுப்பியில் வரியீற்று வகையை மாற்றிச் சேமித்தவுடன் குறை நீங்கிவிடும்.

இவையன்றி, கோப்பு உண்மையாகவே வாராத சந்தர்ப்பங்களும் உள. பலர் கூடிச் செய்யும் வேலைகளில் 2005ஆம் ஆண்டிலே லினசு டோர்வால்ட்சு ஆக்கிய கிட் என்னும் கருவி பயன்படுகின்றது. தவிர்க்கவேண்டிய கோப்புகளின் பட்டியல் ஒன்று அதில் உண்டு. அப்பட்டியலில் அகப்பட்ட கோப்பு ஒருவர் கணினியில் இருக்கும், மற்றவரைச் சென்றடையாது. 2016ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் தேதி நிகழ்ந்தது இதனினும் பெரியது. என்பிஎம் என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து, பெயருரிமை பற்றிய பிணக்கினால் ஒருவர் தம் பொதிகளை நீக்கிக்கொண்டார். அவற்றுள் ‘லெஃப்ட்-பேட்’ என்னும் பதினொரு வரிப் பொதியும் ஒன்று. சொல்லின் இடப்புறத்தை நிரப்புவதே அதன் தொழில். அச்சிறு பொதியை நேராகவும் மறைமுகமாகவும் நம்பியிருந்த எண்ணிறந்த நிரல்கள், உலகின் பல பாகங்களிலும் ஆக்க முடியாது நின்றன. சில மணி நேரத்துள் அதனை மீளச் சேர்த்த பின்னரே நிலைமை சீரடைந்தது. வெளியிட்ட பொதியை நினைத்தவாறு நீக்கவியலாதபடி விதிகளும் பின்னர் இறுக்கப்பட்டன.

ஆராயும் முறையைச் சுருக்கமாகக் கூறுவேன். பிழைச் செய்திகள் பல வரிகளாக வருமாயின் முதலாவது பிழையை முதலில் நோக்குக. பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. செய்தியிலுள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க. நடப்புக் கோப்புறையை அறிக. தேடற்பட்டியலைப் பார்க்க. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. பலவற்றை ஒருங்கே மாற்றினால் குறை நீங்கினும் காரணம் விளங்காது. இவற்றாலும் தெளியாவிடின் லினக்சிலே எஸ்ட்ரேசு என்னும் கருவியும், விண்டோசிலே புரோசெஸ் மொனிற்றர் என்னும் கருவியும் உதவும். நிரல் எந்தெந்த இடங்களில் எந்தெந்தக் கோப்பைக் கேட்டது, என்ன விடை பெற்றது என்பதை அவை வரிசையாகக் காட்டும். நாம் சொன்னதாக எண்ணிக்கொண்டிருப்பதற்கும் உண்மையிற் சொன்னதற்கும் உள்ள வேறுபாடு அங்கே புலனாகும்.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடன். விண்டோசிலே ‘டிஎல்எல்’ வகைக் கோப்பு இல்லை என்ற செய்தி கண்டவுடன், அதன் பெயரை இணையத்திலே தேடி, அறியாத தளமொன்றிலிருந்து இறக்கிக்கொள்வோர் பலர். அவ்வாறு பெறுங் கோப்பிலே தீங்குநிரல் கலந்திருக்கலாம். பாடசாலைக் கணினியாயின் எல்லாப் பிள்ளைகளின் வேலையும் அதனாற் கெடலாம். அக்கோப்பை ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து உரிய தொகுதியை முழுமையாக நிறுவுவதே முறை.

ஆட்டைத் தோளிலே போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடியவன் கதை நம் ஊர்களில் வழங்குவதுதான். அவன் ஆடு தொலையவில்லை. தேடும் முறைதான் பிழைத்தது. ‘கோப்பு இல்லை’ என்னும் செய்தியைக் கண்டு கலங்குகின்ற பிள்ளையிடம் பெற்றோரும் ஆசிரியரும் முதலிற் கேட்கவேண்டிய வினா, ‘எந்த இடத்தில் இல்லை என்று அது கூறுகின்றது?’ என்பதே. நிரலாக்கம் அறியாத பெற்றோரும் இவ்வினாவைக் கேட்கலாம். அதற்கு விடை தேட முற்படும் பிள்ளை, கருவிகளை அழிக்கும் எண்ணத்தை விட்டுச் செய்தியை மீண்டும் ஒருமுறை படிக்கும்.