ஓ.கே. பிறந்த கதை

"வீட்டுப்பாடம் முடிந்ததா?" "ஓ.கே." "கிளம்பலாமா?" "ஓ.கே." நாள்தோறும் எத்தனை முறை இச்சொல் நம் நாவில் தவழ்கிறது! இது எங்கே பிறந்தது என்று என்றாவது எண்ணிப் பார்த்தோமா?

1830களின் இறுதியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகையாளரிடையே ஒரு வேடிக்கை பரவியிருந்தது. ஒரு சொற்றொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடுவர். 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதற்கு 'ஏ', 'சி' என்பனவே உரிய முதலெழுத்துகள். அவற்றை 'ஓ', 'கே' என மாற்றி, 1839 மார்ச் 23ஆம் நாள் 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' வெளியிட்டது. சரி என்று சொல்லும் சொல்லிலேயே இரண்டு எழுத்தும் தவறு! 'ஆல் ரைட்' என்பதற்கு எழுதிய 'ஓ.டபிள்யூ.' போன்ற மற்ற வேடிக்கைகள் மறைந்தன, ஓ.கே. மட்டும் பிழைத்தது.

காரணம், 1840ஆம் ஆண்டுத் தேர்தல். குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் ப்யூரன் பிறந்த ஊர் கிண்டர்ஹுக். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்பது அவருடைய பட்டப்பெயர். அதன் முதலெழுத்துகளும் ஓ.கே. தாமே! ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கங்கள் அமைத்தனர். அவர் தோற்றார், சொல் வென்றது.

அத்தேர்தலில் எதிர்த்தரப்பினர் ஒரு கதை கட்டினர். வான் ப்யூரனின் நண்பரும் முன்னாள் தலைவருமான ஆண்ட்ரூ ஜாக்சன், எழுத்துக்கூட்டத் தெரியாமல் கோப்புகளில் ஓ.கே. என எழுதினாராம்! ஏளனத்துக்காகக் கட்டிய இக்கதையைப் பலர் நெடுங்காலம் மெய்யென்றே நம்பினர். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய நாளேடுகளைப் பொறுமையுடன் புரட்டி, 1963, 1964ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில்தான் சொல்லின் உண்மை வரலாற்றை நிலைநாட்டினார்.

தோழியரே, ஒரு பொய்யைக் கட்ட ஒரு நாள் போதும். அதைக் களைய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. பொய்யைச் சொல்பவர் மட்டுமல்ல, ஆராயாமல் அதைப் பரப்புபவரும் அதில் பங்காளியே. வகுப்பில் ஒருத்தியைப் பற்றி ஏதேனும் காதில் விழுந்தால், உடனே 'ஓ.கே.' என்று தலையாட்டாமல், "மெய்தானா?" என்று முதலில் கேட்போம்.