கைராசியைக் குறை சொல்லாதீர்கள்!

"மல்லிகை எங்கள் வீட்டில் பிழைக்கிறதே இல்லை, எனக்குக் கைராசி கிடையாது" என்று அலுத்துக் கொள்ளும் பெண்மணிகள் அநேகம். கைராசி கிடக்கட்டும். செடி பட்டுப்போன பாத்தியில் தினம் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று கவனித்ததுண்டா? மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் குறைந்தது 5, 6 மணி நேர வெயில் வேண்டும். சென்னையில் அடுத்த மனையில் மாடிக் கட்டிடம் எழும்பினால் போதும், நேற்று வரை வெயில் காய்ந்த பாத்தி இருட்டடித்து விடுகிறது. அங்கே மறுபடியும் மல்லிகைப் பதியன் நட்டால், பாவம், அது என்ன செய்யும்?

காலை, நடுப்பகல், மாலை மூன்று வேளையும் போய்ப் பாருங்கள். வடக்குச் சுவரோரத்தில் ஆனி மாதம் வெயில் எட்டிப் பார்க்கும். மார்கழியில் அதுவும் கிடையாது.

பிறகு மண். ஓர் அடி ஆழம் கொத்தினால், வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் வரும். அதிலுள்ள சுண்ணாம்பு ஊறித்தான் பல செடிகளின் இலை வெளுக்கிறது. நாமோ தண்ணீர் போதவில்லை என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுகிறோம்! எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, செம்மண் 2 பங்கு, மக்கிய எரு 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். மாமரத்தடியானால் ஆழமாக வெட்ட வேண்டாம், வேர் அறுந்துவிடும். அங்கே தொட்டி வைப்பதே சிலாக்கியம்.

நிழலில் என்னதான் வளரும்? முதல் தாம்பூலம் வெற்றிலைக்குத்தான். காவிரிக் கரைக் கொடிக்கால்களில் அகத்தியை முதலில் வளர்த்து, அதன் நிழலில்தான் வெற்றிலையைப் படர விடுகிறார்கள். ஈரம் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். சித்திரை, வைகாசியில் மஞ்சள் நட்டால் பொங்கல் பானைக்குக் கொத்து தயார். நிழலில் கிழங்கு சிறுக்கும், இலைக்குக் குறைவில்லை. பூதான் வேண்டுமென்றால் கனகாம்பரம். அரை நிழலிலும் பூக்கும். மணம் இல்லைதான், ஆனால் மல்லிகையைப் போல ஒரே நாளில் வதங்காது.

குரோட்டன்ஸ் நிழலில் சாகாது. ஆனால் அதன் சிவப்பும் மஞ்சளும் மங்கி வெறும் பச்சையாகிவிடும். கலேடியம் கண்ணுக்கு அழகு. அதைக் குழந்தை கடித்தால் நாக்கு எரிந்து வீங்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

நிழல் பாத்தி சீக்கிரம் காயாது. விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அந்த மல்லிகையைத் தொட்டியில் வைத்து மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.